‘தைரியமா இருங்க’ போதாது: பெரிய வியாதி வந்தவர்களுக்குக் கவுன்சலிங்

கீமோ நாளுக்கு முந்தின இரவே ஃபைலை எடுத்து வைக்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதிவாரியாக அடுக்குகிறோம். பிளாஸ்கில் கஞ்சி, பையில் மாற்றுத் துணி, பர்ஸில் ஆட்டோவுக்குச் சில்லறை என்று எல்லாம் தயார். அதே இரவு இரண்டு மணிக்கு அந்த மனிதர் தூங்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதற்கு மட்டும் நம் கையில் ஏற்பாடு ஒன்றும் இருக்காது. ‘தைரியமா இருங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

என் பெரியப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். 14 மாதம் ரேடியேஷன், கீமோ, டியூப் வழியாகச் சாப்பாடு என்று எதிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. நடுவில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தொண்டை வலி என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். கடைசி மாதம் வீட்டுக்கு வந்த, வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் பிரிவின் நர்ஸ் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “ஐயா, எதை நினைச்சா உங்களுக்கு ரொம்ப வேதனையா இருக்கு?” என்று கேட்டார். பெரியப்பா அந்தத் தொண்டையோடு நாற்பது நிமிடம் பேசினார். அடகு வைத்த நிலம், பெரியம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிய ஒரு கைமாற்று, மூச்சு முட்டிச் சாவோமோ என்ற பயம். கைமாற்றை அண்ணன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூச்சுத்திணறல் வந்தால் என்ன மருந்து கொடுப்பார்கள் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினார். அன்று இரவு அவர் தூங்கினார். அந்த நாற்பது நிமிடம் முதல் மாதமே கிடைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அவ்வளவு தாமதம் ஆகக்கூடாது.

இது ஆறுதல் வார்த்தை சொல்லும் வேலை என்று நினைக்காதீர்கள். ஆராய்ந்து பார்த்த சிகிச்சை இது. டொரண்டோவின் பிரின்சஸ் மார்கரெட் கேன்சர் மையத்தில் நோய் முற்றிய 305 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ‘கால்ம்’ என்று அந்தப் பேச்சு சிகிச்சைக்குப் பெயர். மூன்று முதல் ஆறு அமர்வு, அவ்வளவுதான். அதைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. நம் ஊரிலும் இது புதிதில்லை. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே சைக்கோ-ஆன்காலஜி என்று தனித்துறை இருக்கிறது. வசதி இருந்தும் கேட்காமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

இன்றைக்கே ஓர் எண் கேளுங்கள். “போன ஒரு வாரத்துல மனசு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க.” இவ்வளவுதான் கேள்வி. புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர்’ என்று பல நாடுகளில் பயன்படுத்துவது இதைத்தான். நான்கோ அதற்கு மேலோ வந்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய அளவு. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘பரவால்ல’ என்றுதான் பதில் வரும். எண் கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும். சொன்ன எண்ணைத் தேதியோடு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். “சார், இங்க மனசுக்கு யார் பார்க்கறாங்க?” இந்த ஒரு வாக்கியம் போதும். ஓ.பி.யில் நூறு பேர் காத்திருக்கும்போது அவராக இதைக் கேட்க மாட்டார். அக்கறை இல்லாமல் இல்லை, நேரம் இல்லாமல். பெரிய மருத்துவமனையில் கவுன்சலர், மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், மனநலப் பிரிவு, பாலியேட்டிவ் ஓ.பி. இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டர் பார்க்கிறார். ஓ.பி. சீட்டு போட்டால் போதும், காசு இல்லை. கேன்சர் ஃபைலோ டயாலிசிஸ் நோட்டோ, இருப்பதைக் கையோடு கொண்டு போங்கள்.

பேச்சுக்கு முன்னால் வலியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்கிறவர் காதில் எந்தக் கவுன்சலிங்கும் ஏறாது. வலி எத்தனை மணிக்கு வருகிறது, மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எழுதிக் காட்டுங்கள். மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அளவாகக் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்து பேசவைக்கும் மருந்து அது.

மனசு என்று நாம் நினைப்பது சில நேரம் உடம்பாகவும் இருக்கும். கீமோவோடு தரும் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சல் மூட்டும். கழுத்தில் ரேடியேஷன் எடுத்தவர்களுக்குத் தைராய்டு குறைந்து சோர்வு வரலாம். ரத்தத்தில் உப்பு இறங்கினாலும் யூரியா ஏறினாலும் ஆள் மந்தமாவார். ஆகவே கவுன்சலரைப் பார்க்கும் அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்றைக்கு ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், இல்லாததைக் காட்டிப் பேசினால், கவுன்சலிங்குக்கு நாள் பார்க்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டையும் எடையையும் விட்டுவிட்டு, ஆசையைக் கவனியுங்கள். பசியின்மையும் சோர்வும் நோயிலேயே வரும், அவற்றை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. பேரன் வந்தால் கண் திறக்கிறாரா? கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறாரா? பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, ‘என்னால எல்லாருக்கும் கஷ்டம்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார், இரண்டு வாரமாக இப்படித்தான் என்றால் இனி காத்திருக்காதீர்கள்.

பேசப்போகிறவரின் படிப்பைக் கேளுங்கள். ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற ஊர் இது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சையில் பயிற்சி பெற்றவர், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவெண் வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டால் ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். சோஷியல் ஒர்க்கரோ பயிற்சி பெற்ற நர்ஸோ நன்றாகவே பேசுவார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கேன்சர் பேஷன்ட், டயாலிசிஸ் பேஷன்ட் கூட வேலை பார்த்திருக்கீங்களா?” காதல் தோல்விக்கும் பரீட்சை பயத்துக்கும் கவுன்சலிங் செய்து பழகியவர், ‘எனக்கு இன்னும் எத்தனை மாசம்?’ என்ற கேள்வி வந்தால் திணறிப்போவார்.

என்ன மாதிரிப் பேச்சு என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாம் ஒன்றல்ல. புதிதாக நோய் தெரிந்து பயத்தில் இருப்பவருக்கு, பயமுறுத்தும் நினைப்பைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் சி.பி.டி. உதவலாம். ‘இனி நான் எதுக்கு?’ என்று கேட்பவருக்கு நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் என்ற மனநல டாக்டர் உருவாக்கிய, வாழ்க்கையின் அர்த்தத்தை மையமாக வைத்த சிகிச்சை இருக்கிறது. நாஜி வதைமுகாமில் இருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கல் என்பவரின் சிந்தனையில் இருந்து வந்தது அது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ‘டிக்னிட்டி தெரபி’. கனடாவின் ஹார்வி சொச்சினோவ் குழு 2005இல் இதன் முடிவுகளை வெளியிட்டது. நாள் குறைவாக இருப்பவரிடம், ‘உங்கள் வாழ்க்கையில் எதைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்கள், பிள்ளைகள் எதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், யாரிடம் என்ன சொல்லாமல் விட்டீர்கள்’ என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். எழுத்தாக்குகிறார்கள், அவரிடமே படித்துக் காட்டித் திருத்துகிறார்கள், பிறகு அவர் சொல்லும் ஆளிடம் கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது இயல்பாக வரும். முதல் தையல் மெஷின் வாங்கிய கதையை அவர்கள் நூறு தடவை சொன்னவர்கள்தானே. ஆனால் மனக்காயங்களும் கிளம்பி வரும் என்பதால் பயிற்சி பெற்ற ஆளை வைத்துச் செய்யுங்கள்.

நோயாளி தனியாகப் பேச இடம் வாங்கிக் கொடுங்கள். மார்பகம் எடுத்த பெண், மாமியாரும் மைத்துனரும் சுற்றி உட்கார்ந்திருக்கையில் என்ன சொல்வார்? ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். வெளியே காத்திருங்கள். பெண் கவுன்சலர் வேண்டும் என்றால் கேளுங்கள், அது உரிமைதான். மனநல சிகிச்சையில் சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. ‘உள்ள என்ன பேசுனீங்க?’ என்று காரில் ஏறியதும் விசாரிக்காதீர்கள்.

கவுன்சலிங்குக்கு உடம்பு தாங்கும் நேரமாகப் பாருங்கள். பலருக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம். முடிந்து வரும்போது ஆள் துவண்டு போயிருப்பார். மறுநாள் காலை வையுங்கள். கீமோ முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார முடியாவிட்டால் 20 நிமிடம் போதும் என்று முதலிலேயே சொல்லுங்கள். போனில் பேசுவதும் சிகிச்சைதான். கீமோவில் மறதி வரும், பேசியதில் முக்கியமானதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

மனசில் வருகிற வார்த்தையிலேயே பேசச் சொல்லுங்கள். ‘டிப்ரஷன்’ என்று சொல்லத் தெரிய வேண்டியதில்லை. ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘எல்லாம் வெறுத்துப் போச்சு’, ‘ராத்திரி ஆனா பயமா இருக்கு’ என்றாலே புரிந்துகொள்பவர்தான் நல்ல கவுன்சலர். பாதி ஆங்கிலத்தில் பேசிக் குழப்பினால் ஆளை மாற்றுங்கள்.

எடுக்கிற மருந்து முழுவதையும் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெட்டின், ஃபுளுஆக்ஸெட்டின் இரண்டும் மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்வதைக் குறைக்கக்கூடியவை. வேறு மாத்திரை இருக்கிறது, மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் சொன்னால்தானே தெரியும். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் என்ன கிடைக்கும் என்று முன்பே கேளுங்கள். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் அட்மிஷன் இல்லாத ஓ.பி. ஃபீஸைப் பல பாலிசிகள் தருவதில்லை.

கவனித்துக்கொள்கிற நீங்களும் ஒருமுறை கவுன்சலரிடம் போய் உட்காருங்கள். ஆறு மாதமாகத் தரையில் பாய் விரித்துப் படுக்கிற மனைவி, லீவு தீர்ந்து சம்பளம் பிடித்தம் ஆகிற மகன், கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட மகள். இவர்களிடம் யாரும் எண் கேட்பதில்லை. அந்த பூஜ்யம் முதல் பத்து வரையிலான கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

14416 என்ற எண்ணை இப்போதே போனில் சேமியுங்கள். டெலி-மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். சென்னையில் 1986இல் இருந்து ஸ்நேகா அமைப்பின் தன்னார்வலர்கள் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களோடு பேசி வருகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எண்ணைத் தேட முடியாது.

செய்யக்கூடாதவை

‘அழாதீங்க’ என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அழுகை அடங்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள். அவர் அழுதால் உங்களுக்குத் தாங்கவில்லை என்பதற்காக அவரை நிறுத்தச் சொல்கிறீர்கள். அடுத்த முறை அவர் பாத்ரூமில் போய் அழுவார்.

நோயின் பெயரை மறைத்துவிட்டுக் கவுன்சலிங்குக்கு அனுப்பாதீர்கள். ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்’ என்று கன்சல்டிங் அறைக் கதவோரம் கெஞ்சுகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் அவர் ஆஸ்பத்திரி போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பக்கத்து பெட்காரரோடு பேசுகிறார். முடி கொட்டுகிறது. ‘சாதாரண கட்டி’ என்று நாம் சொல்ல, ஆமாம் என்று அவர் தலையாட்டுவது நமக்காக. இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு, இருக்கிற நாள் கரைகிறது. நடுவில் கவுன்சலர் என்ன பேச முடியும்? கோயில் பற்றியும் வெயில் பற்றியும் பேசிவிட்டு எழுந்துவிடுவார்.

அதற்காகப் போட்டு உடைக்கவும் வேண்டாம். “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க?” என்று டாக்டரையோ கவுன்சலரையோ கேட்கச் சொல்லுங்கள். ‘எல்லாம் சொல்லுங்க’ என்பவர் உண்டு. ‘என் மகன்கிட்ட சொல்லுங்க, அவன் பார்த்துப்பான்’ என்று மனமாரச் சொல்பவரும் உண்டு, அதையும் மதியுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

‘பாசிட்டிவா நினைச்சா கேன்சர் போயிடும்’ என்று சொல்லாதீர்கள். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற ஸ்டான்ஃபோர்டு டாக்டர், நோய் பரவிய 86 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். வாரம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பேசியவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள் என்றது அது. உலகமே பரவசப்பட்டது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஆயுள் நீளவில்லை, வேதனையும் வலியும் குறைந்தன. பேச்சு சிகிச்சையிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது ஆய்வு சொன்னதைத்தான். அதுவே பெரிய காரியம். பாசிட்டிவ் என்று அடித்துப் பேசினால், ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கும் நாளில் அந்தப் பெண், ‘நான் சரியா நினைக்கல, அதான் வளர்ந்துடுச்சு’ என்று தன்மேலேயே பழி போட்டுக்கொள்வார். நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையை யாருக்கும் தராதீர்கள்.

பேசியே குணமாக்குகிறேன் என்பவருக்குப் பணம் கட்டாதீர்கள். ஹிப்னாஸிஸ், பூர்வஜென்மம், ‘ஆழ்மன’ப் பேக்கேஜ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா 12 அமர்வுக்கு முன்பணம் கட்டினார். ‘கீமோ நெகட்டிவ் எனர்ஜி’ என்று அந்த ஆள் சொன்னதை நம்பி நான்கு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டிருந்தது. கேன்சரைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திரப் பரிகார விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் கீமோவை நிறுத்தச் சொன்ன நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

‘கீழ்ப்பாக்கம்’ பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். 1794இல் இருந்து மனநோயாளிகளைப் பராமரித்துவரும் ஆஸ்பத்திரியின் இருப்பிடத்தை நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒரு கிண்டலுக்குப் பயந்து உதவி கேட்காமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். மனநல டாக்டரிடம் போவது பைத்தியம் என்ற சர்டிபிகேட் வாங்க இல்லை என்று கிண்டல் செய்யும் சித்தப்பாவிடம் நேருக்கு நேர் சொல்லுங்கள்.

பாவம், தோஷம், திருஷ்டி என்று காரணம் சொல்லாதீர்கள். நோயோடு குற்ற உணர்ச்சியையும் அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். அதே மூச்சில், கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போவதை நிறுத்தவும் சொல்லாதீர்கள். அவருக்குப் பலம் தருவது எது என்று நல்ல கவுன்சலர் தானே கேட்பார்.

சாவைப் பற்றிப் பேச்செடுத்தால் சேனலை மாற்றாதீர்கள். ‘அப்படியெல்லாம் பேசக்கூடாது’ என்று தடுத்தால் அவர் பேச்சை நிறுத்துவார், நினைப்பை நிறுத்த மாட்டார். ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்தா போதும்’ என்பதில் பல அர்த்தம் இருக்கும். வலி தாங்கவில்லை என்று இருக்கலாம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்று இருக்கலாம். களைத்துப்போன உடம்பு ஓய்வு கேட்பதாக இருக்கலாம். உண்மையிலேயே உயிரை விடும் எண்ணமாகவும் இருக்கலாம். எது என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள்: “உங்களையே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஓர் ஆள் கிடைத்தது என்று நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் பூட்டி வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள். அன்றைக்கே மனநல டாக்டரிடம் போங்கள், அதுவரை 14416இல் பேசுங்கள். ஏற்கெனவே முயன்றிருந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தவராகவே அவரைக் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்பதுதான் 2017 சட்டத்தின் நிலை.

‘பாலியேட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஓடாதீர்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், கேன்சர் சிகிச்சையோடு ஆரம்பத்தில் இருந்தே பாலியேட்டிவ் குழுவும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. அவர்களின் இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. வலி, மூச்சு, தூக்கம், மனசு நான்கையும் ஒரே இடத்தில் பார்ப்பது இந்தக் குழுதான். நடக்க முடியாதவராக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மனச்சோர்வு மாத்திரையைப் பத்தே நாளில் நிறுத்தாதீர்கள். வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் வரலாம். ‘தூக்க மாத்திரை, பழக்கமாயிடும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு மருந்தைப் பற்றி. சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

ஒருவர் ஒத்துவரவில்லை என்று கவுன்சலிங்கையே விடாதீர்கள். மூன்று தடவை பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்கிறார், உபதேசம் செய்கிறார், உங்கள் கதையைவிடத் தன் கதையை அதிகம் சொல்கிறார் என்றால் வேறு ஆள் கேளுங்கள். காது டாக்டர் பிடிக்கவில்லை என்று காதையே விட்டுவிடுகிறோமா?

குழந்தைகளிடம் ‘அம்மா ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரியும். காரணம் தெரியாதபோது, ‘நான் சேட்டை பண்ணதால அம்மா போயிட்டாங்க’ என்று தானே ஒரு காரணம் உண்டாக்கிக்கொள்ளும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது ஒட்டிக்கொள்ளாது, உன்னால் வந்ததில்லை, பள்ளிக்கூடம் விட்டால் யார் கூட்டி வருவார்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று கவுன்சலரிடமே ஒத்திகை பாருங்கள், சொல்லித்தருவார்.

கவுன்சலிங் போகும் சங்கதியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். விசாரிக்க வருகிறவர்கள் அவரிடமே அதைக் கேட்டு நிற்பார்கள்.

நோயாளி போன பிறகு பாலியேட்டிவ் நர்ஸின் நம்பரை அழித்துவிடாதீர்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரியப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பது பெரியம்மாவின் வேலையாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அவருக்கு விழிப்பு வந்துகொண்டிருந்தது. கை தானாகப் பக்கத்துக் கட்டிலைத் துழாவியது. யாரிடமும் சொல்லவில்லை. அதே நர்ஸ் ஒரு மாதம் கழித்துத் தானாகவே வந்து, அவரை உட்காரவைத்துப் பெரியப்பாவிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. நல்ல பாலியேட்டிவ் குழுக்கள் துக்கத்தில் இருக்கும் குடும்பத்தையும் பார்க்கின்றன. அவர்களாக வராவிட்டால் நீங்கள் போன் செய்யுங்கள், இரவெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் பெயரைச் சொல்லி.